நாலு ரூபாய்ப் பங்கும் என் சபதமும்

மருது வீட்டு வாசலை மிதிப்பதில்லை என்று நான் சபதம் எடுத்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது. சும்மா வாய்ச் சபதம் இல்லை. அவன் வீட்டுத் தண்ணீர் குடிப்பதில்லை. அவன் வீட்டு விசேஷம் எதற்கும் போவதில்லை. அவன் ஏறிய பஸ்ஸில் நான் இருப்பதில்லை. ஒரு தடவை திருமங்கலத்திலிருந்து வரும்போது வழியில் அவன் ஏறினான் என்று, எடுத்த டிக்கெட்டையும் பார்க்காமல் கப்பலூரில் குதித்து, சித்திரை மாத வெயிலில் நின்றேன். வைராக்கியம் என்றால் அப்படி இருக்க வேண்டும்.

மருது வேறு யாரும் இல்லை. என் மனைவி முத்துமீனாவின் தம்பி.

என் பெயர் தங்கப்பாண்டி. திருமங்கலம் ஆட்டுச் சந்தையில் நாற்பது வருடம் தரகு பார்த்தவன். பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு என்னைக் கைவிட்டது. ஆனால் ஓர் ஆட்டை முன்னால் நிறுத்துங்கள். முதுகில் ஒரு தட்டு, இடுப்பில் ஒரு பிடி. எத்தனை கிலோ கறி விழும் என்று சொல்லிவிடுவேன். அப்பேர்ப்பட்டவனை மருது தன் மகள் காதுகுத்தில் என்ன செய்தான் தெரியுமா? பதினெட்டு கிலோ விழும் என்று நான் சொல்லி வாங்கிக் கொடுத்த கிடா பதிமூன்று கிலோ விழுந்தது. கிடாவுக்கு என்ன கவலையோ, அறுத்தவன் கை எவ்வளவு நீளமோ, யார் கண்டது? பெரிய மனிதனாக இருந்தால் கமுக்கமாக விட்டிருப்பான். இவன் பந்தியில் இருநூறு பேர் உட்கார்ந்திருக்கும்போது சொன்னான்: "எங்க மாமா தோலு, கொம்பு, கட்டுன கயிறு எல்லாத்தையும் சேத்துத்தான் எடை சொல்லுவாரு."

இருநூறு பேரும் சிரித்தார்கள். பந்தி பரிமாறியவன்கூடச் சிரித்தான். நான் இலையை மூடிவிட்டு எழுந்து வந்தேன். என் தொழிலில் அது கொலைக்குச் சமம். டாக்டரைப் பார்த்து "உனக்கு நாடி பிடிக்கத் தெரியாது" என்று அவர் மாமியார் முன்னால் சொல்வது மாதிரி.

போன ஆவணியில் முத்துமீனா ஆரம்பித்தாள்.

"ஏங்க, தை பதினெட்டு மருது பேரனுக்குக் காதுகுத்து. மண்டபம் பேசியாச்சாம்."

"நல்லது. காது இருக்கவன் குத்திக்கட்டும்."

"நீங்க வரணும்."

"என் பொணம் வரும்."

"அது எதுக்கு விசேஷ வீட்டுக்கு? நீங்களே வாங்க. இருவத்திரெண்டு வருசமா நான் ஒத்தையா போயி நிக்கிறேன். 'மாப்ள வரலையா, மாப்ள வரலையா'ன்னு கேக்குறவகளுக்குப் பதில் சொல்லியே என் பல்லு தேஞ்சு போச்சு."

"அவன் என் வாசல்ல வந்து, இந்தத் தெரு பாக்க, 'உங்க கண்ணு தப்பாது மாமா, என் தராசுதான் தப்பு'ன்னு சொல்லட்டும். அப்ப யோசிக்கிறேன்."

"வருவீகன்னு சொல்ல மாட்டீக. யோசிப்பீக!"

"ஆமா. யோசிப்பேன்."

பேச்சு அதோடு நின்றிருக்கும். ஆனால் வீட்டில் அப்போது மூன்று லட்ச ரூபாய் இருந்தது. முழங்கால் வலி வந்து, இனி சந்தையில் நிற்க முடியாது என்று கடைசியாக என் சொந்த ஆடுகளையும் விற்ற பணம். பணம் இருக்கும் வீட்டில் எந்தப் பேச்சும் நிற்காது.

இந்த இடத்தில் பக்கத்து வீட்டு உமேஷைப் பற்றிச் சொல்ல வேண்டும். விளாங்குடியில் எனக்கு ஒட்டிய சுவர். சௌராஷ்டிரக்காரர். வீட்டுக்குள் அவர்கள் பாஷையில் பெண்டாட்டி ஸ்வப்னாவிடம் திட்டு வாங்கிக்கொண்டு, வெளியே வந்து நம் பாஷையில் சிரிப்பார். முன்பு சேலை வியாபாரம். இப்போது காலை ஒன்பதேகாலுக்கு டி.வி. முன்னால் உட்கார்ந்தால் மாலை மூன்றரைக்குத்தான் எழுந்திருப்பார். டி.வி.யில் கீழே எழுத்து ஓடும், மேலே ஆட்கள் கத்துவார்கள். பங்குச் சந்தையாம். இரண்டு வருடத்தில் மாடி எழுப்பிவிட்டார். என் வீட்டுக்கு வந்துகொண்டிருந்த மேல்காற்று முழுக்க அந்த மாடியோடு நின்றுபோனது. கேட்டால் "எல்லாம் ஷேர்ல வந்ததுண்ணே" என்பார். அடுத்தவன் காற்றைப் பிடுங்கிக் கட்டிய மாடிக்கு ஷேர் என்று ஒரு பெயர்.

பங்குச் சந்தை. யோசித்துப் பார்த்தேன். சந்தைதானே? சந்தை என்று பெயர் வைத்த பிறகு அது யார் இடம்? என் இடம்.

நேரே போனேன். உமேஷ் எனக்கு விளக்கினார்.

"ஏறுனா காளைச் சந்தைண்ணே. எறங்குனா கரடிச் சந்தை."

"காளை சரி. மதுரைக்காரனுக்குக் காளையைப் பத்தி நீங்க சொல்ல வேணாம். கரடிய யாரு சந்தைக்குள்ள விட்டது?"

"அது ஒரு பேச்சுக்குண்ணே. பங்குன்னா, ஒரு கம்பெனியில ஒரு துண்டு உங்களுக்குச் சொந்தம். நீங்களும் ஒரு மொதலாளி."

"அப்ப உள்ள போயி ஒரு அதட்டு அதட்டலாமா?"

"வாட்ச்மேன் விட மாட்டான்ணே."

"என் கம்பெனிக்குள்ள என்னையே விடாத வாட்ச்மேனுக்குச் சம்பளம் யாரு குடுக்குறா? நானா?"

உமேஷ் டி.வி. சத்தத்தைக் குறைத்தார். பிறகு கம்பெனி எவ்வளவு சம்பாதிக்கிறது, கடன் எவ்வளவு, பங்குக்கு எவ்வளவு லாபம் என்று ஏதேதோ சொன்னார். நான் ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டேன். ஒரு பங்கு மூவாயிரம் ரூபாய்க்கும் இருக்கிறது, நாலு ரூபாய்க்கும் இருக்கிறது. மூவாயிரத்துக்கு ஒன்று வாங்குகிறவன் ஒற்றைக் கிடா வாங்குகிறவன். அதற்குச் சீக்கு வந்தால் போச்சு. நாலு ரூபாய்க்கு வாங்கினால் மந்தை! மெலிந்ததை வாங்கு, கொழுத்ததும் விற்று விடு. நாற்பது வருடம் இதைத்தானே செய்தேன்?

"விலை கம்மியா இருக்கதெல்லாம் மலிவு இல்லண்ணே," என்றார் உமேஷ்.

பொறாமை. மாடி வீட்டுக்காரனுக்கு அடுத்தவன் மாடி கட்டினால் பொறுக்குமா?

வீட்டுக்கு வந்து அறிவித்தேன். "மூணு லட்சத்தையும் ஷேர்ல போடப் போறேன்."

முத்துமீனா முறத்தைக் கீழே வைத்தாள்.

"அதுல பாதி என்னுது."

"எப்படி?"

"நாப்பது வருசம் நீங்க சந்தையில வாயைப் போட்டீக. ஆட்டுக்கு எலை தழை போட்டது யாரு? புழுக்கை அள்ளுனது யாரு? ஒன்றரை லட்சம் என்னுது. நானும் ஷேர்ல போடுறேன்."

நான் சிரித்தேன். வாசல் வரைக்கும் கேட்கிற மாதிரி சிரித்தேன்.

"சிரிங்க. பந்தயம் வச்சுக்குவமா?" என்றாள். "ஆளுக்கு ஒன்றரை லட்சம். தைப் பொங்கலுக்கு யாருது கூட நிக்குதோ அவுக ஜெயிச்சாக. நான் ஜெயிச்சா நீங்க காதுகுத்துக்கு வாரீக. நீங்க ஜெயிச்சா மருது இந்த வாசல்ல வந்து நீங்க சொன்னத அப்படியே சொல்லுவான். நான் சொல்ல வைக்கிறேன்."

என் சபதத்தையே பணயமாகக் கேட்கிறாள்! இருபத்திரண்டு வருடச் சபதம். ஆனால் மறுபக்கம் என்ன? மருது என் வாசலில். தலை குனிந்து. தெரு பார்க்க. அந்தக் காட்சியை நினைத்தபோது வாயில் கறிக்குழம்பு ருசி வந்தது. சரி என்றேன்.

அவள் என்ன வாங்கினாள் தெரியுமா? ஒரு பம்பு மோட்டார் கம்பெனி. ஒரு பங்கு மூவாயிரம் ரூபாய். ஐம்பதே ஐம்பது.

"ஏண்டி இத வாங்குன?"

"எங்க ஊருல எல்லாக் கெணத்துலயும் இந்த மோட்டாருதான். எங்க சித்தப்பா கெணத்து மோட்டாரு பதினாலு வருசமா காயில் கம்பி எரியல. ரிப்பேர்க் கடைக்காரன் இந்த மோட்டாரைப் பேரு சொல்லித் திட்டுவான், அவன் பொழப்பைக் கெடுத்துருச்சாம். வருசா வருசம் லாபம் கூடியிருக்கு. ஸ்வப்னா எடுத்துக் குடுத்துச்சு, உக்காந்து படிச்சேன்."

இவளுக்கு இந்த வியாதி உண்டு. பத்தாவது வரை படித்தவள். மளிகை கட்டி வந்த காகிதத்தைக்கூட விரித்து நீவி, படித்துவிட்டுத்தான் கசக்குவாள்.

நான் படிக்கவில்லை. எனக்கு எதற்குப் படிப்பு? எனக்கு அசோக்குமார் சார் இருந்தார். நேரில் பார்த்ததில்லை. செல்போனில் 'காளை வேட்டை' என்று ஒரு குழு. அதில் யாரோ என்னைச் சேர்த்துவிட்டார்கள். அசோக்குமார் சார் தினமும் காலையில் ஒரு சிங்கத்தின் படமும் ஒரு பங்கின் பெயரும் அனுப்புவார். அவர் சொன்னதுதான் அந்த நாலு ரூபாய்ப் பங்கு. கம்பெனியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் வழக்குப் போடுவான், வக்கீலுக்குக் கொடுக்க என்னிடம் ஆடு இல்லை. அந்தக் கம்பெனி என்ன தயாரிக்கிறது என்று முத்துமீனா கேட்டாள்.

"லாபம்," என்றேன்.

முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு பங்கு! அவளுக்கு ஐம்பது, எனக்கு முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு. தெருவையே அடைக்கும் மந்தை.

ஏறியது ஐயா! நாலு, நாலரை, ஐந்து. புரட்டாசி முடிவதற்குள் ஐந்தரை. ஐப்பசி தீபாவளிக்கு ஆறு எண்பது. என் ஒன்றரை லட்சம் இரண்டரை லட்சத்தைத் தாண்டியது. அவளுடைய மோட்டார் மூவாயிரத்துக்கும் மூவாயிரத்து நானூறுக்கும் நடுவில் செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் ஒரு நாளைக்கு நூறு தடவை போனைப் பார்ப்பேன். அவள் வாரத்துக்கு ஒரு தடவை பார்ப்பாள், அதுவும் பருப்பு வேகும் நேரத்தில்.

"என்ன, உன் மோட்டாரு தண்ணி எடுக்குதா?" என்பேன்.

"சொட்டுது," என்பாள்.

உமேஷ் சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தார். "அண்ணே, வந்த லாபத்துக்கு வித்துருங்க. இந்த மாதிரிப் பங்க ஒரு கூட்டம் சேந்து சும்மா ஏத்தி விடுறானுக. கையில காசு வந்தாத்தான் லாபம். போன்ல தெரியிறது வெறும் கணக்கு."

"இது பத்து போகும்னு அசோக்குமார் சார் சொல்லிருக்காரு."

"அவரு யாருண்ணே?"

"சிங்கம் அனுப்புவாரே, அவரு."

உமேஷ் தலையை இறக்கிக்கொண்டார். சுவர் மட்டும் நின்றது.

தீபாவளி முடிந்து திங்கட்கிழமை விலை ஐந்து சதவீதம் இறங்கியது. செவ்வாய் இன்னோர் ஐந்து. சரி, விற்றுவிடலாம் என்று போட்டேன். வாங்க ஆள் இல்லை! தினமும் காலையில் கதவு திறக்கும், விலை ஐந்து சதவீதம் கீழே விழும், ஒரு நாளைக்கு அவ்வளவுதான் விழலாமாம், அங்கேயே பூட்டிக்கொள்ளும். லட்சக்கணக்கில் விற்க நிற்கிறார்கள், வாங்க ஈ காக்கை இல்லை. நாற்பது வருடத்தில் இப்படி ஒரு சந்தையைப் பார்த்ததில்லை. நொண்டி ஆட்டுக்குக்கூட திருமங்கலத்தில் பிரியாணிக் கடைக்காரன் ஒருத்தன் வருவான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தைக்கு முந்தின நாள் ஆட்டுக்கு உப்பு வைப்போம். அது தாகத்தில் குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். காலையில் வயிறு உப்பி, மூன்று கிலோ கூடுதலாகத் தெரியும். வாங்கியவன் வீட்டுக்குப் போகும் வழியில் அது மூத்திரம் போய் இளைத்துவிடும். நாற்பது வருடம் நான் ஊருக்குச் செய்த வேலை. அதை எனக்கே செய்துவிட்டான் அந்த அசோக்குமார்! என்ன அக்கிரமம்! தொழில் தர்மம் என்று ஒன்று கிடையாதா? 'காளை வேட்டை' குழுவில் போய் ஒரு வார்த்தை கேட்டேன். என்னை வெளியே தள்ளிக் கதவைச் சாத்திவிட்டார்கள். கடைசியாக வந்தது ஒரு சிங்கம்.

கார்த்திகை பிறந்தபோது மூன்று ரூபாய் சில்லறை. முத்துமீனாவிடம் சொல்லவில்லை. கேட்கும்போதெல்லாம் "ஏறுது" என்றேன். காலில் முள் ஏறுகிறது என்று அர்த்தம்.

ஆனால் பொங்கலுக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. தினமும் ஐந்து சதவீதம் போனால் பொங்கலுக்குக் கோலப்பொடி வாங்கக்கூட மிஞ்சாது. பிறகு மருது வீட்டு வாசல். மருது வீட்டு இலை. மருதுவின் பல்.

இப்படி இருக்கும்போது ஒரு வெள்ளிக்கிழமை. முத்துமீனா குளிக்கப் போயிருந்தாள். அவள் போன் அடுப்பு மேடையில் கிடந்தது. சும்மாதான் எடுத்தேன். சும்மாதான் திறந்தேன். கடவுச்சொல் மருது பிறந்த வருடம், அதை வேறு நான் தட்ட வேண்டியிருந்தது.

பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் திரும்பப் பார்த்தேன்.

பம்பு மோட்டார். ஐம்பது பங்கு. விலை அறுநூற்று எண்பது. மொத்தம் முப்பத்து நாலாயிரம். சிவப்பு எழுத்தில் கழித்தல் எழுபத்தேழு சதவீதம்.

நேற்று வரை மூவாயிரத்து நானூறு இருந்த பங்கு ஒரே இராத்திரியில் அறுநூற்று எண்பது! மோட்டார் எரிந்துவிட்டது! காயில், போர்வெல், கிணறு எல்லாம் சேர்ந்து எரிந்துவிட்டது! நான் அடுப்படியில் ஆடினேன். முழங்கால் வலி எங்கே போனது என்று தெரியவில்லை. என்னுடையது மூன்று பத்துக்கு இறங்கியும் ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் நிற்கிறது. அவளுடையது முப்பத்து நாலாயிரம். இன்றைக்கே பந்தயத்தை முடித்தால் ஜெயம் எனக்கு. நாளைக்கு என் மந்தையில் எத்தனை சாகுமோ, முருகனுக்கே வெளிச்சம். இன்றைக்கே முடிக்க வேண்டும்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தாள். முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன்.

"மீனா, எதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இழுக்கணும்? இன்னைக்குச் சாயங்கால வெலையோட பந்தயத்த முடிச்சுக்குவோம்."

அவள் போனை எடுத்துப் பார்த்தாள். முகம் சுருங்கியது. பார்க்கப் பரிதாபமாகத்தான் இருந்தது.

"ஐயோ, இன்னைக்கா? வேணாங்க. பொங்கல் வரைக்கும்னுதான பேச்சு? எம்புட்டு எறங்கிக் கெடக்கு பாருங்க. ரெண்டு மாசத்துல ஏறாதா?"

"ஏறாது. எரிஞ்ச மோட்டாரு ஓடுமா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும் எறங்குனது?"

"டி.வி.யில ஓடுச்சு."

"டி.வி. காலையிலிருந்து அமந்துல்ல கெடக்கு?"

"உமேஷ் வீட்டு டி.வி.யில. பேச்ச மாத்தாத."

மூக்கை உறிஞ்சினாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். எனக்கே ஒரு நிமிடம் மனசு இளகியது. உடனே மருதுவை நினைத்து இறுக்கிக்கொண்டேன்.

"சரி. நீங்க பாதியில முடிக்கக் கேக்குறதுனால நானும் ஒண்ணு கூடக் கேப்பேன்," என்றாள். "நான் ஜெயிச்சா நீங்க சும்மா வந்து தலையக் காட்டிட்டு ஓடக் கூடாது. ரெண்டு நா முன்னாடியே மருது வீட்டுக்கு வந்து தங்கணும். மண்டப வாசல்ல நின்னு பன்னீர் தெளிச்சு வரவங்கள எல்லாம் 'வாங்க'ன்னு கூப்புடணும்."

செத்த ஆட்டை வைத்துக்கொண்டு இவள் விலை ஏற்றுகிறாள்! சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பன்னீர் என்னடி, பால்ல குளிப்பாட்டுறேன். ஆனா பேச்சு மாறக் கூடாது. துண்டு போட்டுப் பேசுவோம்."

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டோம். கையின் மேல் துண்டைப் போட்டு, உள்ளே விரலைப் பிடித்துப் பேசுவோம். வெளியே நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பேரம் படிந்து விரலை அழுத்திவிட்டால் முடிந்தது. வானம் இடிந்தாலும் மாற்ற முடியாது. துண்டுக்குள் கொடுத்த வாக்கை மீறியவன் மறு வெள்ளிக்கிழமை சந்தைக்குள் வர முடியாது. பெண்பிள்ளை, நாளைக்குக் கண்ணீர் விட்டு மாற்றிவிடுவாள் என்றுதான் துண்டைப் போட்டேன். என் துண்டை. என் கையால்.

உமேஷைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். அவர் முத்துமீனாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "அண்ணே, நல்லா விசாரிச்சுட்டுத்தான் பேசுறீகளா?" என்றார்.

"நாப்பது வருச அனுபவம் உமேஷு."

துண்டுக்குள் அவள் விரல் என் விரலை அழுத்தியது. நன்றாகவே அழுத்தியது. புழுக்கை அள்ளிய கை, பலம் இருக்காதா?

"எண்ணுறது திங்கக்கிழமை வச்சுக்குவோம்," என்றாள் கம்மிய குரலில். "வெலை இன்னைக்குச் சாயங்கால வெலைதான். எனக்கு இப்ப எண்ணுற தெம்பு இல்ல."

பாவம் என்று ஒத்துக்கொண்டேன். சனிக்கிழமை தெருவில் எல்லாருக்கும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை முடி வெட்டிக்கொண்டேன். மருது வந்து நிற்கும்போது நான் எந்த நாற்காலியில் உட்காருவது, கால் மேல் கால் போடுவதா வேண்டாமா என்றுகூட ஒத்திகை பார்த்தேன்.

திங்கட்கிழமை மாலை உமேஷ் என் போனை வாங்கிக் கணக்குப் போட்டார்.

"அண்ணனுக்கு முப்பத்தேழாயிரத்து ஐந்நூறு பங்கு. வெள்ளிக்கிழமை வெலை மூணு பத்து. ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்து எரநூத்தம்பது."

"மூணு பத்தா?" என்றாள் முத்துமீனா. "ஏறுதுன்னீக?"

"அத விடு. உன்னுத எண்ணு."

உமேஷ் அவள் போனை வாங்கினார். "அக்காவுக்கு... எரநூத்தம்பது பங்கு. வெலை அறுநூத்தி எம்பத்தி நாலு. ஒரு லட்சத்து எழுவத்தோராயிரம்."

"எரநூத்தம்பதா? யோவ், அம்பதுய்யா! ஐம்பது! நானே என் கண்ணால பாத்தேன்!"

"அது வெள்ளிக்கிழமைண்ணே. கம்பெனி ஒரு பங்க அஞ்சா பிரிச்சுட்டான். வெலையும் அஞ்சுல ஒண்ணாயிருச்சு. மொத்தம் மாறல. வெலை அன்னைக்குக் காலையிலயே கொறஞ்சு தெரியும். கூட வர எரநூறு பங்கு கணக்குல ஏற ரெண்டு நாளாகும். இன்னைக்கு ஏறிருச்சு. ஒரு மாசத்துக்கு முன்னாடியே எல்லாருக்கும் லெட்டர் அனுப்பிட்டானே?"

நான் முத்துமீனாவைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள்.

"லெட்டரு வந்துச்சா?"

"வந்துச்சு. படிச்சேன்."

"அப்ப வெள்ளிக்கிழமை அழுதது?"

"வெங்காயம் உரிச்ச கை. கண்ணுல பட்டுருச்சு."

நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தேன். "இது மோசடி! தெரிஞ்சே மறைச்சிருக்க! இந்தப் பேரம் செல்லாது!"

"ஏங்க," என்றாள், நிதானமாக, ஆட்டுக்குக் கத்தியைத் தீட்டுகிற நிதானத்தில். "சினை ஆடுன்னு தெரியாம ஒருத்தன் வித்துட்டுப் போறான். மறுவாரம் வந்து, குட்டி போட்டுருச்சாமே, குட்டிய மட்டும் குடுங்கன்னு கேக்குறான். சந்தையில பஞ்சாயத்து உங்ககிட்ட வருது. நீங்க என்ன சொல்லுவீக?"

நான் தோள் துண்டை எடுத்து உதறினேன்.

"சொல்லுங்க. எத்தனை பஞ்சாயத்துப் பண்ணிருப்பீக. வீட்டுல வந்து பெருமையா சொல்லுவீகளே?"

"...மடியத் தொட்டுப் பாக்காம பேரம் பேசுனவன் குத்தம்பேன்."

"ஒரு ஆடு நாலு குட்டி போட்டுருக்கு. தாயோட அஞ்சு. நாப்பது வருசம் சந்தையில நின்னவுக, வெலைய மட்டும் பாத்தீக. தலைய எண்ணலையே!"

உமேஷ் இருமிக்கொண்டே எழுந்து போனார். சுவருக்கு அந்தப் பக்கம் போனதும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது கேட்டது. சிரிப்புக்கு மட்டும் எல்லா ஊரிலும் ஒரே பாஷை.

அதன் பிறகு நான் போராடாமல் இல்லை. காய்ச்சல் என்றேன். கஷாயம் கொடுத்தாள். முழங்கால் என்றேன். ஆட்டோ பேசினாள். சபதம் எடுத்தது வீட்டு வாசலுக்குத்தானே, மண்டபத்துக்கு மட்டும் வருகிறேன் என்று சட்டம் பேசினேன். கொடியில் காய்ந்துகொண்டிருந்த துண்டை எடுத்து, ஒன்றும் பேசாமல் என் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

தை பதினாறு. இருபத்திரண்டு வருடம் கழித்து மருது வீட்டு வாசலை மிதித்தேன். வலது காலை வைப்பதா, இடது காலை வைப்பதா என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் வந்த முத்துமீனாவின் பை இடித்து இரண்டு காலும் உள்ளே போய்விட்டது. மருது ஓடி வந்து கையைப் பிடித்தான். "வாங்க மாமா, வாங்க மாமா" என்றான். அவனுக்கும் தலை நரைத்திருந்தது. எனக்கு மனசு இளகியது என்று நினைக்காதீர்கள். இளகவில்லை. ஆனால் மோர் கொடுத்தார்கள். வெயிலில் வந்தவன், குடித்தேன்.

தை பதினெட்டு காலை. பட்டு வேட்டி. கையில் பன்னீர்ச் செம்பு. மண்டப வாசலுக்குப் போனேன். போனவன் அப்படியே நின்றேன்.

வாசலில் பத்தடி உயரத்துக்கு ஒரு ஃபிளெக்ஸ் போர்டு. அதில் நான். காதுகுத்துகிற பிள்ளை ஓர் ஓரத்தில் கோழிக்குஞ்சு அளவுக்கு இருந்தது. மீதி முழுக்க நான். கைகூப்பிக்கொண்டு, பல்லெல்லாம் தெரிய. கீழே, 'உறவுகளே வருக வருக! இருகரம் கூப்பி வரவேற்கும் பாசமிகு மாமா தங்கப்பாண்டி' என்று எழுத்து.

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். புதிதாக அடித்த போர்டு மாதிரி இல்லை. ரொம்ப நாள் மடித்து வைத்த கோடு என் மூக்கின் குறுக்கே ஓடியது. பீரோவில் போடுகிற பூச்சி உருண்டை வாசம் வேறு அடித்தது.

மருது சந்தனக் கிண்ணத்தோடு வந்தான்.

"டேய், இத எப்படா அடிச்சீக? நான் பந்தயத்துல தோத்ததே கார்த்திகையிலதான?"

"கார்த்திகையா? இது ஆவணியில அடிச்சது மாமா," என்று என் கன்னத்தில் சந்தனத்தைத் தடவினான். "நீங்க ஷேர் வாங்கப் போறீகன்னு அக்கா போன்ல சொல்லுச்சுல்ல, அன்னைக்கே அடிக்கக் குடுத்துட்டோம்."